சுவருக்குப் பின்னால் போடாத ஜல்லி

என் சேவியர் அண்ணனுக்கு,

உங்கள் அமலி எழுதுகிறேன். அங்கேயும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு யாரோ ஒரு கொத்தனாரிடம் மட்டம் சரியில்லை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஐந்து நிமிடம் அதை நிறுத்திவிட்டு உட்காருங்கள். உயிரோடு இருந்தவரை நான் டைப் அடித்த கடிதம் ஒன்றைக்கூட நீங்கள் படித்ததில்லை. "அமலி பாத்துட்டாளா? அப்பச் சரி" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வீர்கள். இதை மட்டுமாவது கடைசி வரைக்கும் படியுங்கள், அண்ணே.

போன வாரம் கல்லறைத் திருநாள். நானும் மேரி அண்ணியும் காலையிலேயே வந்துவிட்டோம். உங்கள் கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். தூறல் விழுந்துகொண்டே இருந்ததால் திரி நிற்கவில்லை. அண்ணி முந்தானையால் மறைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கல்லறை தள்ளி நின்ற பெண்கள் பேசிக்கொண்டது எங்களுக்குக் கேட்டது. எங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார்களோ என்னவோ. "கான்ட்ராக்டரு சேவியருதான? நல்ல மனுசன்தேன். ஆனா சுவத்துக்குப் போட வேண்டிய ஜல்லியத் தின்னுட்டாக. கடைசியில அந்தச் சுவரே ஆளத் தின்னுருச்சு."

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அணைந்துபோன திரியை இன்னொரு தடவை பற்றவைத்தார். எனக்குப் போய் அந்த வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருந்தது. போடவில்லை. எனக்கு அந்த அருகதை கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்கு மட்டும் எழுதவில்லை, ஊர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நீங்கள் ஒரு சட்டி ஜல்லிகூடத் தின்றதில்லை. செத்து ஒரு வருடமாகியும் திருட்டுப் பட்டம் உங்கள் மேல் கிடக்கிறது. அதைத் துடைக்கக்கூடிய ஒரே ஒரு தாள் என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. இத்தனை நாளும் அதை நான் வெளியே எடுக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்முடையது அண்ணனும் தங்கச்சியும் நடத்திய சின்ன கான்ட்ராக்ட் தொழில். சின்னமனூரில் உரக்கடைக்கு மேலே ஒரு அறைதான் ஆபீஸ். நீங்கள் கொத்து வேலையில் ஆரம்பித்து மேஸ்திரியாகி, கான்ட்ராக்டர் ஆனவர், படிப்பு பத்தாவது. நான் சிவிலில் டிப்ளமோ. லைசென்ஸ் என் பெயரில். "ஆபீசு உனக்கு, சைட்டு எனக்கு" என்று முதல் நாளே பிரித்துக்கொண்டோம். ஆபீஸில் நான் என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்டதில்லை, சைட்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. பதினைந்து வருடம் அது நன்றாகத்தான் ஓடியது.

ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில், திராட்சை வைக்க ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டுகிற வேலை வந்தது. வெளியூர்க் கம்பெனி. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதற்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும். சரிவான நிலம். மேல்பக்கத்தை வெட்டிச் சமதளமாக்க வேண்டும். வெட்டின பக்கம் மண் சரிந்து வந்துவிடாமல் தாங்க ஒரு நீளமான கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். அவர்கள் கொடுத்த டிராயிங்கில் அந்தச் சுவரின் தடிமனைப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள இது, யானைய ஒளிச்சு வைக்கப் போறாகளா?" என்று கேட்டீர்கள்.

ஒப்பந்தம் நூறு பக்கத்துக்கு மேல் இங்கிலீஷ். நான்தான் படித்தேன். அதில் வேல்யூ இன்ஜினியரிங் என்று ஒரு ஷரத்து இருந்தது. உங்களுக்கு இப்படித்தான் சொன்னேன், நினைவிருக்கிறதா? "அவுக வரைஞ்சதவிடக் கொறஞ்ச செலவுல அதே வேலையச் செய்யிற மாதிரி நாம ஒரு வழி சொல்லலாம்ணே. அவுக ஒத்துக்கிட்டா, மிச்சமாகுறதுல பாதி அவுகளுக்கு, பாதி நமக்கு."

உங்கள் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். "அட! யோசிக்கிறவனுக்கும் கூலியா? சித்தாளு யோசன சொன்னா கொத்தனாருக்குக் கோவம் வரும். கொத்தனாரு சொன்னா இன்ஜினியருக்குக் கோவம் வரும். இவுக உங்களக் கேக்குறோம்னே எழுதி வச்சிருக்காகளே, பரவாயில்லயே!" என்றீர்கள். அப்படி ஒரு சந்தோஷம். யாரோ உங்களை முதன்முறையாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன மாதிரி.

நல்ல ஷரத்துதான், அண்ணே. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதன் அடியில் இரண்டு வரி இருந்தது. ஒப்பந்தக்காரர் சொல்லும் யோசனையைக் கம்பெனி முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்கலாம் என்றது ஒன்று. ஏற்ற பிறகு அந்த மாற்றம் ஒழுங்காக வேலை செய்வதற்கு ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்றது மற்றொன்று. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் நியாயமாகத்தான் தெரியும். சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும்: உங்கள் யோசனையில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, முழுப் பழியையும் உங்கள் தலையில் வைக்கலாம். நான் இரண்டையும் படித்தேன். சேர்த்துப் படிக்கவில்லை. உங்களுக்குச் சொல்லவும் இல்லை.

நல்ல சித்திரை வெயிலில் என்னைச் சைட்டுக்குக் கூப்பிட்டீர்கள். மலைப்பக்கம் வெட்டின மண்ணைக் காட்டி, "இங்கன கைய வையி" என்றீர்கள். வைத்தேன். உள்ளங்கை ஈரமானது.

"கோடையிலயே கசியுது. ஐப்பசியில என்னாகும்னு நெனச்சுப் பாரு. இந்தச் சுவரு மண்ணத் தாங்கப் போறதில்ல புள்ள, தண்ணியத் தாங்கப் போகுது. தண்ணியத் தாங்க எதுக்கு இம்புட்டுப் பெரிய சுவரு? அத வெளிய விட்டுட்டாப் போதும்ல?"

உங்கள் யோசனை அதுதான். சுவரின் தடிமனைப் பாதியாகக் குறைப்பது. அதற்குப் பதிலாக, சுவருக்குப் பின்னால் அடியிலிருந்து தலை வரைக்கும் இரண்டடி அகலத்துக்கு ஜல்லி நிரப்புவது. மலையிலிருந்து கசிகிற தண்ணீர் ஜல்லி வழியாக இறங்கி, சுவரில் வைத்த குழாய்கள் வழியாக வெளியே ஓடிவிடும். மேலே மழைத்தண்ணீரைத் திருப்ப ஒரு வாய்க்கால். ஜல்லிக்கு எங்கேயும் போக வேண்டாம், வெட்டும்போது வந்த பாறையையே மெஷின் வைத்து உடைத்துக்கொள்ளலாம். டைரியில் பென்சிலால் வரைந்து கொடுத்தீர்கள். கொடுக்கும்போதே, "ரெண்டும் சேந்துதேன் ஒண்ணு. ஜல்லி இல்லேன்னா இந்தச் சுவரு வெறும் காயிதம், ஆமா" என்றீர்கள்.

நான் அதை இங்கிலீஷில் இரண்டு பக்கம் அடித்தேன். சுவரையும் ஜல்லியையும் பிரிக்கக் கூடாது என்று இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டேன். ஆகவே, எனக்குத் தெரியாது என்று எந்தக் கோயிலில் வைத்தும் நான் சொல்ல முடியாது.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜர் எனக்குப் போன் செய்தார். "மேடம், உங்க புரபோசலை ஹெட் ஆபீஸ்ல பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்டினோம். யாருங்க இந்த இன்ஜினியர்னு எல்லாரும் கேட்டாங்க." பதினைந்து வருடமாக எந்த ஆபீஸுக்குப் போனாலும் எனக்கு "ஏம்மா, ஓரமா நில்லும்மா"தான். அன்றைக்கு மேடம். இன்ஜினியர். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கடிதம் வந்தது. உங்கள் யோசனை ஏற்கப்பட்டது என்று மேலே ஒரு வரி. கூடவே திருத்திய டிராயிங். மெலிந்த சுவர் இருந்தது. குழாய்கள் இருந்தன. ஜல்லி இல்லை. மேலே வாய்க்கால் இல்லை. சேமிப்பை இன்னும் கூட்டுவதற்காக, வெட்டி எடுத்த மண்ணையே சுவருக்குப் பின்னால் நிரப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. அடியில், இந்தத் திருத்தத்தை ஆட்சேபம் எதுவுமின்றி ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வாசகம், அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம். ஏழு நாளைக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பாவிட்டால் யோசனை முழுதும் ரத்து, பழைய டிராயிங்படிதான் கட்ட வேண்டும்.

போன் போட்டேன், அண்ணே. போடாமல் இல்லை. "சார், ஜல்லி இல்லாம அந்தச் சுவர் நிக்காது. ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன் சார்."

"குழாய்தான் இருக்கே மேடம், தண்ணி அது வழியா போயிடும். எங்க கன்சல்டன்ட் பார்த்துட்டாங்க. ஜல்லி கண்டிப்பா வேணும்னா அப்புறமா தனியா ஒரு லெட்டர் கொடுங்க, பார்க்கலாம். இப்ப இதை விட்டுட்டீங்கன்னா மொத்தமும் போயிடும். நல்ல புரபோசல், கெடுத்துக்காதீங்க."

குழாய் இருந்தது, வாஸ்தவம். குழாயின் வாய்க்குப் பின்னால் ஜல்லி இல்லாவிட்டால் களிமண் வந்து அடைத்துக்கொள்ளும் என்பது டிப்ளமோ இரண்டாம் வருடப் பாடம். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். பாதிப் பங்குக்கு ஆசைப்பட்டுப் போட்டாள் என்று யாராவது சொன்னால், அது சுத்தமாக இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அந்த ஸ்கிரீனில் வந்த டிராயிங் ரத்தாகக் கூடாது. யாருங்க இந்த இன்ஜினியர் என்று கேட்டவர்கள் என்னை மறந்துவிடக் கூடாது. அது உங்கள் யோசனை என்பதே அந்த ஏழு நாளில் எனக்கு மறந்துபோயிருந்தது. த்தூ, என்ன ஜென்மம் நான்.

"அப்ரூவல் வந்துருச்சுண்ணே" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் ஒரு பெட்டி பூந்தி வாங்கிக்கொண்டு போய்ச் சைட்டில் சித்தாள்கள் வரைக்கும் கொடுத்திருக்கிறீர்கள். "எந்தங்கச்சி வாங்குன அப்ரூவலு, சாப்புடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னீர்களாம். கொத்தனார் முத்தையா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். ஏன்ணே அப்படிச் சொன்னீர்கள்?

சுவர் ஏறியது. "அமலி, ஜல்லி ஒடைக்க மெசினு சொல்லட்டா?" என்று கேட்டீர்கள். "இருங்கண்ணே, அதுக்குத் தனியா ஆர்டர் வரணும்" என்றேன். அது முழுப் பொய் இல்லை. இரண்டு கடிதம் போட்டிருந்தேன். பதிலே வரவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி கேட்டீர்கள். அதே பதில். மூன்றாவது தடவை கேட்டபோது, எனக்கு வேறு வழி தெரியாமல், "ஜல்லி வேலையக் கம்பெனியே பாத்துக்கிருவாகளாம்ணே" என்றேன். இதுதான் பொய். என் வாயால் சொன்னது.

நீங்கள் கம்பத்தில் வேறொரு வேலைக்குப் போயிருந்த இரண்டு நாளில், கம்பெனியின் மண்வெட்டும் இயந்திரம் வந்து சுவருக்குப் பின்னால் வெட்டின மண்ணையே தள்ளி மூடிவிட்டது. நீங்கள் திரும்பி வந்தபோது மேலே சமமாக இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மேனேஜரிடம் கேட்டிருக்கிறீர்கள். "எல்லாம் டிராயிங்படிதான் போட்டிருக்கோம் சேவியர்" என்று அவர் சொல்லியிருக்கிறார். எந்த டிராயிங் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. தங்கச்சி பார்த்த டிராயிங்தானே.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் சைட்டிலிருந்து போன் செய்தீர்கள். சத்தம் போடவில்லை. "அமலி, மூணு நாளா மழ கொட்டுது, குழாய் ஒண்ணுலகூடத் தண்ணி வரல. சுவரு நடுவுல முன்னுக்குத் தள்ளியிருக்கு. பின்னால ஜல்லி இருக்கா, இல்லயா? அந்த லெட்டர்ல நெசமா என்னா எழுதியிருந்துச்சு?"

நான் என்ன சொன்னேன்? "வீட்டுக்கு வாங்கண்ணே, சொல்றேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் நீங்கள் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "சரி தாயி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்களுக்குப் புரிந்துவிட்டதா, அண்ணே? புரிந்தும்தான் தாயி என்று கூப்பிட்டீர்களா? "இல்லண்ணே, ஜல்லி இல்ல, பக்கத்துல போகாதீங்க" என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியோடுதான் நான் தினமும் பல் விளக்குகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது, எட்ட நின்று பார்த்த முத்தையா சொன்னது. சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில் மழைக்கு ஒதுங்கி டீ குடித்துக்கொண்டிருந்த சித்தாள்கள் எட்டுப் பேர். அவர்களைத் திட்டி விரட்டிவிட்டீர்கள். "ஏலே முத்தையா, நீயும் கீழ போ, ஒருத்தரும் இங்கன வரக் கூடாது" என்று அவனையும் அனுப்பிவிட்டு, கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் பின்பக்கம் போனீர்கள். தேங்கின தண்ணீரை வெட்டிவிட்டால் சுவர் தாங்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். முழங்கால் ஆழம் தோண்டியிருக்கிறீர்கள். அதற்குள் சுவர் முன்பக்கமாகச் சாய, பின்னால் இருந்த மண் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"அண்ணன் தோண்டுன மண்ணையும் பாத்தேன்க்கா, அவுகள எடுக்க நாங்க தோண்டுன மண்ணையும் பாத்தேன். ஒத்தக் கல்லு இல்ல" என்று முத்தையா என் முன்னால் நின்று அழுதான். அவனுக்கு ஏன் கல் இல்லை என்று தெரியாது. தெரிந்த நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

கம்பெனி ஓர் அறிக்கை தயார் செய்தது. அதில் பொய் எழுதவில்லை, அண்ணே, அதுதான் அவர்கள் சாமர்த்தியம். சுவர் ஒப்பந்தக்காரரே சொன்ன யோசனைப்படி கட்டப்பட்டது என்று எழுதினார்கள். அந்த யோசனையில் இருந்த ஜல்லி, தோண்டிப் பார்த்தபோது அங்கே இல்லை என்று எழுதினார்கள். கூடவே நான் டைப் அடித்த அந்த இரண்டு பக்கத்தை இணைத்தார்கள். அவர்கள் ஜல்லியை வெட்டிய டிராயிங்கை இணைக்கவில்லை. படித்தவன் என்ன நினைப்பான்? ஜல்லி போடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவன் போடவில்லை, தின்றுவிட்டான். வக்கீல் ஆபீஸிலிருந்து அது டீக்கடைக்கு வர எத்தனை நாள் ஆகும்? அந்த எட்டுச் சித்தாள்களைத் தவிர ஊரே அப்படித்தான் பேசுகிறது.

இப்போது மதுரையில் மத்தியஸ்தர் முன்னால் வழக்கு. புதுச் சுவருக்கு ஆன செலவைக் கம்பெனி நம்மிடம் கேட்கிறது. நம் வக்கீல் முதல் நாளே, "ஏம்மா, அவங்க அப்ரூவ் பண்ணி அனுப்பின லெட்டர் இருக்கணுமே, இருக்கா?" என்று கேட்டார். "தேடிப் பாக்குறேன் சார்" என்றேன். பத்து மாதமாக என் பீரோவில் நானே தேடிக்கொண்டிருக்கிறேன். அதை வெளியே காட்டினால், ஜல்லியை வெட்டியது அவர்கள் என்பது தெரியும். ஆட்சேபமின்றி ஒப்புக்கொண்டது லைசென்ஸ் வைத்திருக்கிற நான் என்பதும் தெரியும். அதனால் அவர்களும் காட்டவில்லை, நானும் காட்டவில்லை. எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசாமலேயே இப்படி ஓர் ஒற்றுமை.

புதுச் சுவரைப் போய்ப் பார்த்தேன். வேறு கான்ட்ராக்டர். பின்னால் ஜல்லி போட்டிருக்கிறார்கள், இரண்டடி அகலம். மேலே வாய்க்காலும் இருக்கிறது. இந்த மழையில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் கொட்டுகிறது. உங்கள் யோசனை பிரமாதமாக வேலை செய்கிறது, அண்ணே. உங்களை யாரும் கேட்கத்தான் இல்லை.

போன மாதம் அந்த மேனேஜர் மறுபடி போன் செய்தார். "மேடம், ரெண்டு பக்கமும் கஷ்டப்பட்டாச்சு. நாங்க கிளைமை வாபஸ் வாங்கிக்கிறோம். நீங்களும் பழசைக் கிளறாதீங்க. கம்பம் பக்கத்துல எங்க அடுத்த யூனிட் வருது, டெண்டர் போடுங்க, நான் பார்த்துக்கறேன்." டெண்டர் ஆவணத்தையும் அனுப்பிவைத்தார். திறந்து அந்த ஷரத்தைத் தேடினேன். முழுமையாகவோ பகுதியாகவோ. ஒரு கமா மாறவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள், அதன் பிறகும் மூன்று நாள் நான் யோசித்தேன். நான்காம் நாள் பதில் எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல் எழுந்தேன். முடியாது என்றும் எழுதவில்லை.

கல்லறையிலிருந்து அண்ணியோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கு விட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. என் வீட்டுக்குப் போய்த் தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணி இன்னும் ஈரச் சேலையை மாற்றவில்லை, அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். எங்கே வெட்டினார்கள், எங்கே நான் கையெழுத்துப் போட்டேன், உங்களிடம் என்ன சொன்னேன், கடைசிப் போனில் என்ன சொல்லவில்லை, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று நின்றேன்.

அண்ணி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஒன்று கேட்டார்.

"அப்ப... அவுக ஜல்லியத் திங்கலயா?"

"ஒரு கல்லுகூட இல்ல அண்ணி."

"தின்னுருப்பாகன்னுல நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஊரு சொல்லுது, கம்பெனிப் பேப்பரு சொல்லுது, கூடப் பொறந்த நீயும் வாயத் தொறக்கல. அப்ப நெசந்தேன்னு நெனச்சேன். ஒரு வருசமா ஒவ்வொரு பூசையிலயும், எம்புருசன் களவாண்டத மன்னிச்சிருங்க சாமின்னு அவுகளுக்காக மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன்டி."

ஊர் உங்களைத் திருடன் என்றதைத்தான் நான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அண்ணே. உங்கள் வீட்டுக்குள்ளேயே உங்களைத் திருடனாக்கி வைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. உங்களோடு இருபத்தெட்டு வருடம் வாழ்ந்த மனுஷி உங்களை நினைத்து அழும்போதெல்லாம் கூடவே வெட்கப்பட்டும் அழுதிருக்கிறார். மண் உங்களை ஒரே தடவைதான் மூடியது.

"போயிரு அமலி. எம்மொகத்துல முழிக்காத" என்றார் அண்ணி. வந்துவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை மதுரையில் விசாரணை. அந்தத் தாளை மத்தியஸ்தர் மேஜையில் நான்தான் வைப்பேன், வக்கீல் கையில் கொடுக்கமாட்டேன். கையெழுத்து யாருடையது என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே, என்னுடையது என்று சொல்லிவிடுவேன். லைசென்ஸ் போனால் போகட்டும். கேஸ் போட்டால் போடட்டும். அங்கே என்ன தீர்ப்பு வந்தாலும், அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில், கோயில் வாசலில் நின்று இதையே தமிழில் இன்னொரு தடவை சத்தமாகச் சொல்வேன். கல்லறையில் பேசிய அந்தப் பெண்களும் அங்கே இருப்பார்கள். அண்ணியும் இருப்பார்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன், அண்ணே. செய்யாத தப்புக்கு உங்கள் பெயரில் அண்ணி ஒரு வருடமாகக் கேட்ட மன்னிப்பெல்லாம் என்னுடையது. அதை முதலில் என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு பிறந்து, உங்கள் சாவுக்குக் கையெழுத்துப் போட்ட தங்கச்சி,
அமலி